எத்தனை கைகள்? எவர் கைகள்?



சுபுஹுத் தொழுகை முடிந்து முஸல்லாவை மடிக்கும் முன்பே கைப்பேசியில் செய்திகள் வந்து குவிகின்றன. இரவு விளக்கணைத்த பின்னரும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று நோய்க்கு மருந்து சொல்கிறது, மற்றொன்று மார்க்கம் சொல்கிறது, வேறொன்று அச்சமூட்டுகிறது. அனுப்பியவர் நம் சாச்சாவாகவோ மாமியாகவோ இருப்பதால் ஐயமின்றி ஏற்கிறோம். அப்படியே பிறருக்கும் அனுப்புகிறோம். ஆயினும், அனுப்பியவர் வேறு, சொன்னவர் வேறு என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

2018 ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுகூருங்கள். குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்னும் வதந்தி, வாட்ஸ்அப் வழியே தமிழகத்தில் பரவியிருந்த நாட்கள் அவை. சென்னையிலிருந்து உறவினருடன் கோயிலுக்குப் புறப்பட்ட மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழியில் கண்ட சிறு பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவே. திரண்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1 ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் இதே ஐயத்தின் பேரில் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர்.

அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளி ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடிய சிறுவனைத் தூக்கிச் செல்வதைக் காட்டிற்று. உண்மையில் அது, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்கென எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இறுதியில் சிறுவன் திரும்ப விடப்படுகிறான். விளக்க வாசகமும் வருகிறது. அந்த இறுதிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டார். பொய்யைப் படைக்கப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. உண்மையில் ஒரு துண்டை நறுக்கியதே போதுமானதாயிற்று.

இதன் பின்னர் வாட்ஸ்அப் நிறுவனம் சில தடைகளை விதித்தது. பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்படும் செய்திக்கு 2018 இல் அடையாளம் இடலாயிற்று. இந்தியாவில் ஒரு வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அதனை அனுப்ப இயலாதெனவும் செய்தது. பல கைகள் மாறி வந்த செய்தி இன்று இரட்டை அம்புக்குறியுடன் வருகிறது. அத்தகைய செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு வேளையில் ஓரிடத்திற்கே அனுப்ப முடியும். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கருவி கைகளை எண்ணுகிறது, அவை எவர் கைகள் என்று சொல்வதில்லை.

எவர் கைகள் என்னும் அந்த வினாவைத்தான் நம் ஹதீஸ் கலை மேதைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டனர். ஹிஜ்ரி 194 இல் பிறந்து 256 இல் மறைந்த இமாம் புகாரி போன்றோர், செய்தியைப் பார்க்கும்போதே அது வந்த வழியாகிய ஸனதையும் பார்த்தனர். இவர் யாரிடம் கேட்டார்? அவரை இவர் சந்தித்திருக்க இயலுமா? இவரது நினைவாற்றல் எத்தகையது? இடையில் ஓர் ஆள் விடுபட்டிருந்தால் அது முன்கதிஃ, அதாவது அறுந்த தொடர். இட்டுக்கட்டப்பட்டதாயின் மவ்ழூஃ. அறிவிப்பாளரின் வாழ்வை ஆராய்வதற்கென்றே தனிக் கலை வளர்ந்தது.

இதில் நாம் பெற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. வணக்கசாலியாகவும் வாய்மையாளராகவும் திகழ்ந்த ஒருவர், நினைவாற்றல் குறைந்தவராயின் அவரது அறிவிப்பைப் பலவீனமானது என்றே ஒதுக்கினர். அது அவரை இழிவுபடுத்தியதாகாது. நல்லவர் என்பது வேறு; அவர் தரும் செய்தி சரியானது என்பது வேறு. நம் சாச்சாவின் மீதுள்ள மரியாதையும் அவர் அனுப்பிய செய்தியின் மீதுள்ள ஐயமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

மத்ரஸாவின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கலையின் பாலபாடத்தை நான் கற்பித்து வருகிறேன். முன்பெல்லாம் இச்சொற்களை மனனம் செய்வர், தேர்வில் எழுதுவர், மறந்துவிடுவர். இப்போது, வீட்டிற்கு வந்த செய்தி ஒன்றைத் தேர்ந்து அதன் ஸனதை ஏட்டில் எழுதி வருமாறு பணிக்கிறேன். உம்மாவுக்கு அனுப்பியவர் பெரியம்மா. பெரியம்மாவுக்கு அனுப்பியவர் அடுத்த வீட்டுக்காரர். அவருக்கு? “குரூப்பில் வந்தது, உஸ்தாத்!” பெரும்பாலான ஏடுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. “குரூப் என்ற பெயரில் ராவி எவரும் இல்லையே, தம்பி” என்றால் வகுப்பே சிரிக்கிறது. ஒரு மாணவன் மட்டும், அவசரமாக இரத்தம் வேண்டும் என்ற செய்தியிலிருந்த எண்ணை வாப்பாவின் துணையுடன் அழைத்துக் கேட்டான். தேவை இரண்டாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதாம். உண்மையாகப் பிறந்த செய்தியும் காலங்கடந்து சுற்றினால் பிறரை அலைக்கழிக்கும் என்பதை வகுப்பு அன்று அறிந்துகொண்டது.

கருவியே வேண்டாம் என்பது என் கருத்தன்று. எகிப்தைச் சேர்ந்த ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ அவர்கள் 1961 இல் திருக்குர்ஆன் முழுவதையும் ஓதி ஒலிப்பதிவு செய்தார்கள். அக்குரல் இன்றும் நம் பிள்ளைகளுக்கு மக்ரஜ் கற்பிக்கிறது. ஓதியவர் யார் என்பது தெரியும். எனவே அதனை நம்பிச் செவிமடுக்கிறோம்.

ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் புதியதொரு நிலை தோன்றியுள்ளது. இத்தகைய கருவிகளிடம் எதைக் கேட்டாலும் சரளமாக விடை வருகிறது. சில வேளைகளில் இல்லாத நூலின் பெயரையும் இல்லாத ஹதீஸ் எண்ணையும் தயக்கமின்றி எழுதிக் காட்டிவிடுகின்றன. முன்பு வந்த செய்தியில் கைகளின் எண்ணிக்கையேனும் தெரிந்தது. இங்கே அதுவும் இல்லை. தேடுவதற்கு அதனைப் பயன்படுத்தலாம். எனினும் மூல நூலைத் திறந்து பார்த்த பின்னரே பிள்ளை அதனை ஏட்டில் எழுத வேண்டும்.

பெற்றோர்களே! செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து, பின்னர் வருந்த நேரும் என்பதையே அது காரணமாகக் காட்டுகிறது. போளூர் அருகே நிகழ்ந்தது அதுவன்றோ? ஆகவே, இரட்டை அம்புக்குறியைக் கண்டால் சற்று நில்லுங்கள். மூத்தவர் அனுப்பியதாயின், குரூப்பில் மறுத்து அவர் முகம் வாடச் செய்யாமல், “மாமா, இது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா?” எனத் தனியே பணிவுடன் கேளுங்கள். விடை தெரியாத செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும்.

நாம் விசாரித்து நிறுத்துவதையும் விசாரியாது அனுப்புவதையும் நம் பிள்ளைகள் அருகிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஏட்டில் கற்பதைவிட அதனையே அவர்கள் விரைவில் கற்றுக்கொள்வர்.

வஸ்ஸலாம்.