ஆகாயம் யாருடைய சொத்து?

பெரிய காரியங்களெல்லாம் பெரிய இடத்தாரால்தான் ஆகும் என்பதாக ஒரு எண்ணத்தைப் பாமர மக்கள் தலையில் நெடுங்காலமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். படிப்பு ஒரு கூட்டத்துக்கே உரியது என்று சொல்லி வந்தது போலவே, ஆகாயத்தில் துணைக்கோள் விடுவதும் பெரிய வல்லரசுகளுக்கே உரியது என்று நிபுணர்களிலேயே பலர் நம்பி வந்தார்கள். இந்நம்பிக்கை எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு, இங்கிலாந்தில் சர்ரே சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ட்டின் சுவீட்டிங் என்னும் இஞ்சினீயரின் வேலையே போதிய சாட்சியாகும்.

ஆகாயத்தின் வெப்பத்தையும் குளிரையும் கதிர்வீச்சையும், அதற்கென்றே பெரும் பொருள் செலவில் செய்த பாகங்கள்தான் தாங்கும் என்றார்கள் நிபுணர்கள். அவரும் அவருடைய சிறு கூட்டமும் கடையில் விற்கும் சாதாரண மின்னணுப் பாகங்களைக் கொண்டே ஒரு துணைக்கோளைச் செய்தார்கள். யூஓசாட்-1 என்னும் அது, 1981 அக்டோபர் 6-ல் அமெரிக்க ராக்கெட்டில் வேறொரு துணைக்கோளுக்குத் துணையாக ஏறிச் சென்றது. எட்டு வருஷ காலம், 1989 வரை சுற்றிற்று. 1984-ல் பறந்த இரண்டாவது துணைக்கோளையோ சுமார் ஆறே மாதத்தில் செய்து முடித்தார்கள். நிபுணர்களின் வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கின்றோம்.

இடையில் சங்கடம் வராமலில்லை. 1982-ல் ஒரு கட்டளைப் பிழையால் துணைக்கோளின் இரண்டு ஒலிபரப்பிகளும் ஒரே சமயத்தில் இயங்க ஆரம்பித்து, அந்த இரைச்சலில் கீழேயிருந்து அனுப்பும் கட்டளை அதன் காதில் விழாமற் போய்விட்டது. அப்போது யாரும் கிரகபலன் பார்க்கவில்லை, சாந்தி கழிக்கவுமில்லை. காரணம் என்ன என்று தேடினார்கள். இரைச்சலை மீறக்கூடிய பலமான கட்டளை வேண்டுமென்று கண்டு, கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டிலுள்ள பெரிய வானலை வாங்கியின் உதவியால் சில மாதங்களில் அதை மீட்டார்கள். பிழை செய்தவனும் மனிதன், திருத்தியவனும் மனிதன்தான்.

நிற்க, 1985-ல் 100 பவுன் முதலோடு கம்பெனி ஆரம்பித்த பிறகு அவர்கள் செய்ததே நமக்கு முக்கியமாகும். தென்கொரியா வாலிபர்கள் சர்ரேயில் வந்து கூடவே உழைத்துத் தொழில் கற்றார்கள். அவர்களுடைய நாட்டின் முதல் துணைக்கோளான கிட்சாட்-1, 1992-ல் பறந்தது. அல்ஜீரியாவுக்கு 2002-லும், நைஜீரியாவுக்கும் துருக்கிக்கும் 2003-லும் துணைக்கோள்கள் சென்றன. வித்தையை மறைத்து வைத்துப் பிழைப்பவர்கள் இதைக் கண்டு வெட்கப்பட வேண்டாமா?

"சோற்றுக்கில்லாத தேசத்துக்குத் துணைக்கோள் எதற்கு?" என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். வெள்ளம் எங்கே வந்தது, பயிர் எங்கே கருகிற்று என்று அறிய வேண்டியவன் ஏழையா, பணக்காரனா? 2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது, அந்த அழிவைப் படமெடுத்தவற்றுள் நைஜீரியாவின் துணைக்கோளும் ஒன்று. ஏழை நாட்டின் கண், பணக்கார நாட்டுக்கும் உதவிற்று! ஆகவே, "உனக்கு எதற்கு?" என்னும் கேள்வி, "நீ படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று ஒடுக்கப்பட்டவனைக் கேட்ட பழைய கேள்வியேயல்லாமல் வேறல்ல.

இதனால் நாம் சுவீட்டிங்கைக் கும்பிடச் சொல்லவில்லை. 2002-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்ததற்காகவும் அவரைப் புகழவில்லை. அந்தக் கம்பெனியும் பிறகு ஒரு பெருமுதலாளிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் கம்பெனியை விற்கலாம். கற்றவர் தலைக்குள் போன அறிவை யாரால் திரும்ப வாங்க முடியும்?

ஆதலால் தோழர்களே, இது உன்னால் ஆகாது என்று எவன் சொன்னாலும், சோதித்துப் பார்த்தாயா என்று திருப்பிக் கேளுங்கள். அவன் பதிலில் காரணம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். வெறும் அதிகாரம் மட்டும் இருந்தால் தள்ளிவிட்டு வேலையைப் பாருங்கள்.