ஆள் வளர்க்கும் கூட்டாளியே வேண்டும்

தொண்டு நிறுவனங்கள் கூட்டாளியைத் தேடும்போது பெரும்பாலும் தெரிந்த முகத்தையே நாடுகின்றன. முன்பு சேர்ந்து வேலை செய்தவர், அவர் கைகாட்டும் இன்னொருவர், ஒரே சபைக்காரர் என்று அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகின்றன. தொடக்கத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. நம்பிக்கை இல்லாமல் எந்தக் கூட்டும் நிலைக்காது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வேறொன்றையும் கேட்டாக வேண்டும்: இந்தக் கூட்டாளி நம் ஊரில் ஆள் வளர்க்கிறாரா?

குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் வரலாறு இந்தக் கேள்வியின் கனத்தைக் காட்டுகிறது. 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கியபோது லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கமே துணை. அவருக்குப்பின் சார்லஸ் லீச் வந்து சேர 1852 ஆனது. அவரும் 1854-இல் கடலில் மூழ்கி இறந்தார். அடுத்த மருத்துவர் ஜான் லோ வந்தது 1861-இல்தான். இடைப்பட்ட காலத்தில் நோயாளிகள் குறைந்துவிடவில்லை, மருத்துவர்தான் இல்லை. கப்பலேறி வரும் ஒருவரை மட்டும் நம்பிய கூட்டின் விலை அது. லோ செய்த பெரிய காரியம் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தியதே. அப்படிப் பயின்றவர்களால்தான் கிளை மருந்தகங்கள் எழுந்தன. அப்படியும் 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடித்து இங்கு வந்த மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு அறுவை மருத்துவரைக் கண்டு, லண்டன் வேலையைத் துறந்து இங்கேயே தங்க முடிவெடுத்தார். பிற்காலத்தில் அவர் கற்பிக்கச் சென்ற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. பல சபைகள் சேர்ந்து தாங்கும் அக்கல்லூரியில், சபையின் பரிந்துரையில் படிக்கும் மாணவர் படிப்பு முடிந்தபின் அந்தச் சபை சார்ந்த மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பணத்தோடு மருத்துவரையும் தருகிற கூட்டு இது.

இவையெல்லாம் மதம் பரப்பும் நோக்கத்தோடு அமைந்த உறவுகள்தானே என்பார்கள். உண்மைதான், வட்டம் குறுகலானதுதான். ஆனாலும் லோவின் வகுப்பில் உருவான திறமை இங்கேயே தங்கியது. இன்று நிதிக்குக் கையேந்தும் சிறு அமைப்பு இத்தகைய கூட்டாளியை எப்படித் தேர்ந்தெடுக்கும் என்ற கேள்வி இன்னும் கடினமானது. நிதி தருபவரிடம் நிபந்தனை பேசுவது எளிதல்ல. ஆனால் ஒரே கதவை நம்புவது அதைவிட ஆபத்து: 2020-இல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவது தடை செய்யப்பட்டது. பெரிய நிறுவனத்தின் கைவழியாக மட்டும் பணம் பெற்ற சிறிய அமைப்புகளுக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் இருந்தால் புதிய வழியாவது தேடலாம்.

பழைய உறவை வெட்டிவிடச் சொல்லவில்லை. அதன் தன்மை மாறலாம். லண்டன் மிஷனின் வழிவந்த உலக ஊழியக் கழகம் 1977-இல், கொடுத்த சபைகளும் பெற்ற சபைகளும் சமமாக அமர்ந்து முடிவெடுக்கும் அமைப்பாகத் தன்னை மாற்றிக்கொண்டது. குமரி மாவட்டத் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகிகள் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிதித் தொகைக்கு அடுத்த வரியிலேயே, எத்தனை உள்ளூர்க்காரர்களுக்கு என்ன பயிற்சி என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.