வழுக்கும் வாரும் வைராக்கிய வாத்தியார்களும்

லகான் என்றதும் கிரிக்கெட் மட்டையோடு ஆமிர்கான் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. அந்த இந்தி லகான், வரி. நான் சொல்ல வருவது நம்ம ஊர் லகான்: குதிரையின் வாயில் இருக்கும் இரும்பிலிருந்து நம் கைக்கு வருகிற வார். அதைப் பற்றி எழுத என்ன இருக்கு என்கிறீர்களா? ஒரு சண்டையே இருக்கு மக்களே.

குதிரையேற்றம் சொல்லித் தரும் பல பேருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. புதுசா வருகிறவன் வழவழ தோல்வாரில்தான் பழகணுமாம். ரப்பர் உறை போட்டதைக் கேட்டால், "அதெல்லாம் ரேஸ் ஜாக்கிக்குப்பா, பிடி கிடைச்சா நீ இழுப்பே, குதிரை வாய் கெட்டுப்போகும்" என்று பதில் வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விஷயம் நேர்த் தலைகீழ்.

வார் எப்படிக் கைக்குள் வருகிறது? மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நுழைந்து, உள்ளங்கை வழியாக ஏறி, ஆள்காட்டி விரல் மேல் மடங்கும். மேலே கட்டைவிரல் லேசாக அழுத்தும். அவ்வளவே போதும், பாடத்தில்! சென்னை மே மாதத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நம் உள்ளங்கை வியர்வை, குதிரைக் கழுத்து வியர்வை, ரெண்டும் சேர்ந்து தோலை சோப்புக்கட்டியாக்கிவிடும். வார் அங்குலம் அங்குலமாக நழுவும். புதியவன் என்ன செய்வான்? முஷ்டியை இறுக்குவான். முஷ்டி இறுகினால் மணிக்கட்டு இறுகும், முழங்கை இறுகும், தோள் வரை கட்டை மாதிரி ஆகிவிடும். நடக்கும்போதும் கேன்டரிலும் குதிரை தலையை முன்னும் பின்னும் ஆட்டும். கை அதோடு கூடவே போகணும். கட்டையான கை போகாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரும்பு இடிக்கும். எங்கே? நாக்கிலும், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஈறிலும். அங்கே எலும்புக்கு மேல் மெல்லிய தோல் மட்டும்தான்.

ஆக, வாயைக் கெடுப்பது எது? பிடிமானம் பலத்தைக் காட்டுவதற்கு அல்ல சார், பலத்தைக் காட்டாமலே இருப்பதற்கு. பேட்டுக்கு ரப்பர் கிரிப் போட்டதால் பேட்டிங் கெட்டது என்று எந்த கோச்சாவது சொல்லியிருக்கிறாரா?

அதற்காக கடைக்காரர் தூக்கிப் போடும் தடியான ரப்பர் வாரை வாங்கிவிடாதீர்கள். முக்கால் அங்குலத் தோலுக்கு மேல் ரப்பர் சுற்றினால் சின்னக் கை உள்ளவர்களுக்கு விரலே மூடாது. மூடாத விரலும் இறுகத்தான் செய்யும், மறுபடி அதே கதை. நம்மில் பலருக்கு 5/8 அங்குலம், சின்னப் பசங்களுக்கு அரை அங்குலம். ஓட்டும்போது பிடிப்பது போலவே கடையில் பிடித்துப் பாருங்கள். ரப்பர் வெயிலில் வெடிக்கும், மேலே உள்ள புள்ளிகள் தேய்ந்தால் கிரிப்பும் போச்சு. நைலான் விலை குறைவுதான், ஆனால் குதிரை வெடுக்கென்று தலையை இழுத்தால் விரலைச் சுட்டுவிடும். பின்னல் தோல் நல்ல பிடி, ஆனால் இடுக்கில் சேரும் அழுக்கை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என் ஓட்டு, இடைவெளி விட்டுத் தோல் பட்டைகள் தைத்த பருத்தி நாடா வாருக்கு. ஈரத்தை உறிஞ்சும். ரெண்டு கையும் சமமாகப் பிடித்திருக்கிறதா என்று பட்டையைத் தொட்டாலே தெரியும். புதியவனுக்கு வேறென்ன வேணும்?

நல்லாப் பராமரித்த மெல்லிய வழவழ தோலில் உணர்வு அதிகம் என்பது நிஜம். வருஷக்கணக்காக ஓட்டி, கை தானாகத் தளர்ந்தவர் அதை வைத்துக்கொள்ளட்டும். முதல் மாச மாணவனிடம் அதைத் திணிப்பது எந்த ஊர் நியாயம்? "கிளவுஸ் வாங்கிக்கோ" என்பார்கள். வாங்கலாம். ஆனால் கான்பூரில் தைக்கும் சேணமும் வாரும் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிற நாட்டில், பயிற்சிக் கூடத்தில் மட்டும் பத்துப் பேர் வியர்வை குடித்த பழைய வாரா?

இன்னொன்று. எந்த வாராக இருந்தாலும், ஏறும் முன் இரும்போடு சேரும் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். முதலில் அறுந்துபோகக்கூடிய இடம் அதுதான். வெடிப்பு தெரிந்தால் வேறு கேளுங்கள், வாத்தியார் முறைத்தாலும் பரவாயில்லை :-)