அயலார் இட்ட ஒப்பம்

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. கோவில் மணியும் பள்ளிவாசலின் பாங்கும் தேவாலய மணியும் அங்கு வாழ்வோர் நாளும் கேட்பவை. இத்தகைய ஊரில் ஒரு சமயத்தார் வழிபாட்டிடம் எழுப்ப முனைந்தால் அயலார் என்ன செய்தல் வேண்டும்? தடுக்காதிருந்தால் போதும் என்பர் பலர். அது போதாது, உடன் நின்று காப்பதே நல்ல அயலார் கடமை. இதற்குத் தென்னாட்டிலேயே பழஞ்சான்று ஒன்று உண்டு.

கி.பி. 849-இல், சேர மன்னர் தாணு இரவியின் ஆட்சிக்காலத்தில், வேணாட்டுத் தலைவர் அய்யனடிகள் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் வரிவிலக்கும் வழங்கினார். அது மார் சபீர் ஈசோ எழுப்பிய கிறித்தவத் தேவாலயம். கொடைச் செய்தி வட்டெழுத்தில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டது. தேவாலயத்தைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

செப்பேட்டின் இறுதியில் சாட்சிகளின் ஒப்பங்கள் உள்ளன. அவை அரபு, பகலவி, எபிரேயம் ஆகிய மூன்று எழுத்துகளில் அமைந்தவை. அரபு எழுத்தில் ஒப்பமிட்டோர் இசுலாமிய வணிகர். தம் சமயத்தைச் சேராத ஓர் ஆலயத்தின் உரிமைக்கு அவர்கள் சாட்சி நின்றனர்.

'வணிக நலம் கருதியே அவர்கள் ஒப்பமிட்டனர்' எனச் சிலர் கூறலாம். கூறினும் குறையொன்றுமில்லை. ஒரே துறைமுகத்தில் பிழைத்தோர், ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வோடு பிணைந்தது என உணர்ந்திருந்தனர். அன்றாடத் தேவையில் வேரூன்றிய நட்பு எளிதில் சாய்வதில்லை.

அவ்வுணர்வு இன்றும் அழியவில்லை. ஈராக்கின் மோசுல் நகரில் 2017-இல் போர் ஓய்ந்தபோது, அல்நூரிப் பள்ளிவாசலும் பழந்தேவாலயங்களும் இடிந்து கிடந்தன. யுனெசுகோ நிறுவனம் அவற்றை ஒரே திட்டத்தின்கீழ் மீட்டெடுத்தது. இசுலாமிய நாடான ஐக்கிய அரபு அமீரகம் பள்ளிவாசலுக்கு மட்டுமன்றி இரு தேவாலயங்களுக்கும் நிதி அளித்தது.

வழிபாட்டிடத்திற்கு மதில் மட்டுமே காவலன்று. அயலார் நெஞ்சே உறுதியான காவல். அடுத்த வீட்டார் ஆலயம் எழுப்புகையில் ஒரு கல் எடுத்துக் கொடுப்பவர் தம் சமயத்தை இழப்பதில்லை. தம் ஊரைப் பெறுகிறார்.

பயிற்சி
1. தரிசாப்பள்ளிக்கு அய்யனடிகள் வழங்கியவை யாவை?
2. செப்பேட்டின் ஒப்பங்கள் எவ்வெழுத்துகளில் உள்ளன?
3. 'தடுக்காதிருந்தால் போதும்' என்னும் கருத்து ஏற்கத்தக்கதா? காரணம் கூறி எழுதுக.