கிராம நிர்வாக அலுவலருக்குப் பொறி, மேலிடத்துக்கு முன் அனுமதி

ராஜா அண்ணாமலைபுரத்தின் பசுமைவழிச் சாலையில் அமைச்சர்களின் பங்களாக்கள் இருக்கின்றன. அதே பகுதியில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் அங்கே வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு தருவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உயிர் போன பிறகு கிடைத்த இடம், போகும் முன் எங்கே இருந்தது? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்படுபவர்கள் எந்தச் சாதியினர் என்பது சென்னைக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டால் ஊரே ஊமை.

இதைக் கேட்கத்தானே நேர்மை அமைப்புகள் என்பீர்கள். சரி, பார்ப்போம்.

சாதிச் சான்றிதழுக்குக் கை நீட்டும் கிராம நிர்வாக அலுவலரை ரசாயனம் தடவிய நோட்டோடு லஞ்ச ஒழிப்புத் துறை கையும் களவுமாகப் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு அவர்மேல் இரக்கமில்லை. அவரைப் பிடிக்க யாருடைய முன் அனுமதியும் வேண்டாம். ஆனால் கோப்பில் கையெழுத்திட்டுக் கோடிகளைத் திருப்பிவிடும் அதிகாரியை விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செருகிய 17ஏ பிரிவு அது. சட்டத்துக்குள்ளேயே ஊரும் சேரியும்!

அந்தத் துறையின் கணக்கையாவது நாம் கேட்கலாமா? 2008இல் திமுக அரசு அதைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கி ஆணை போட்டது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கான பிரிவில் லஞ்ச ஒழிப்புக்கு என்ன வேலை? ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலை மறைக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறதே! பின்னால் வந்த அதிமுக ஆட்சியும் ஆணையைத் தொடவில்லை. இருவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன அரிய இடம் இது.

லோக் ஆயுக்தாவுக்குப் போகலாம் என்றால், 2018ஆம் ஆண்டுச் சட்டம் பொய்ப் புகாருக்கு ஓராண்டு வரை சிறை என்று மிரட்டுகிறது. 'பொய்ப் புகார்' என்ற சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குக் கொடுத்த ஒவ்வொரு தலித்தின் முகத்திலும் வீசப்பட்ட சொல் அது. வக்கீல் வைக்க வசதியுள்ளவன் இந்த மிரட்டலைத் தாண்டிவிடுவான். தினக்கூலிக்குப் போகும் பெண் தாண்டுவாளா?

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. 2008ஆம் ஆண்டு ஆணையை ரத்து செய்யுங்கள். எத்தனை புகார் வந்தது, எத்தனை அனுமதிக்காகக் காத்துக் கிடக்கிறது, அனுமதி மறுத்தவர் யார் என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். புகார் கொடுத்தவரின் பெயரையல்ல, மறுத்தவரின் பெயரை.