நாளும் ஐந்து வரி

ஆங்கிலத்தை நாம் எத்தனை ஆண்டுகளாகப் படித்து வருகிறோம்? முதல் வகுப்பிலிருந்து எண்ணினால், பத்தாம் வகுப்பு மாணவிக்கு முழுமையாகப் பத்து ஆண்டுகள். இருந்தும், "நேற்று ஏன் வரவில்லை? ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடு" என்று கேட்டால் நம்மில் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. வழிகாட்டி நூலில் உள்ள விடுப்புக் கடிதம் நினைவுக்கு வந்தால் எழுதிவிடலாம், வராவிட்டால் இல்லை. காய்ச்சல் நம்முடையது, அதைச் சொல்லும் வாக்கியம் மட்டும் வேறு யாருடையதோ! இதற்குக் காரணம் அறிவுக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று. ஆங்கிலத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வழக்கம் ஊரெங்கும் வேரூன்றி இருக்கிறது. நாள்தோறும் சிறிது எடுத்துப் புழங்கும் வழக்கம் வேரூன்றவில்லை.

கட்டுரைப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். 'மலை வாசஸ்தலத்துக்கு ஒரு சுற்றுலா' என்ற கட்டுரையைத் தலைமுறை தலைமுறையாக மாணவியர் எழுதி வருகின்றனர். கொடைக்கானலைக் கண்ணால் காணாத பொன்னேரிப் பெண், அங்கே பனி மூடிய ஏரியில் படகு விட்டதாக எழுதுகிறாள். அவள் உண்மையில் கண்டதோ பழவேற்காட்டு ஏரி. குளிர்காலத்தில் அங்கு வந்து இறங்கும் பூநாரைக் கூட்டத்தை அவள் பார்த்திருக்கிறாள். கரையில் இறால் விலை பேசுவதைக் கேட்டிருக்கிறாள். அவற்றைச் சொல்ல மட்டும் அவளிடம் ஆங்கிலம் இல்லை. அந்தக் கட்டுரை வழிகாட்டி நூலில் இல்லையே! பிறர் கண்டதைப் பிறர் சொல்லால் எழுதுவதை எழுத்து என்று எப்படிச் சொல்வது? அது படியெடுக்கும் வேலைதான்.

நாம் வாழும் இடத்தை எண்ணிப் பார்த்தால், இது வெறும் மதிப்பெண் பற்றிய பேச்சு அன்று என்பது விளங்கும். திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை என்று நம்மைச் சுற்றிலும் ஆலைகள். நம் வீட்டுத் திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. ஆலைவாசலில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கின்றன. ஆனால் காகிதத்தில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலமே. வேலைக்குச் சேரும் பெண்ணின் முன் வைக்கப்படும் நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, காப்பீட்டுப் படிவம், இயந்திரத்தின் மேல் ஒட்டிய எச்சரிக்கை ஆகியவற்றை அவள் படித்தறிய வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்கும், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தவளுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. அந்தத் தூரத்தைக் கடக்க மனப்பாடக் கட்டுரை உதவாது.

ஆகவே நாம் வேண்டுவது நாளுக்கு இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம் இலக்கணம். ஐந்து நிமிடம் சொல். பத்து நிமிடம் நாட்குறிப்பு. இதற்கு மேல் வேண்டாம், இதற்குக் குறையவும் வேண்டாம்.

முதலில் இலக்கணம். விதியை ஒப்பிப்பதைவிட, நம் தாய்மொழியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று வினையின் வால் ஒவ்வொருவருக்கும் மாறுகிறது. ஆங்கிலத்தில் ஐ கோ, யூ கோ, தே கோ என்று மாறாமல் வந்து, 'ஷீ' என்னும்போது மட்டும் 'கோஸ்' ஆகிறது. எல்லா இடத்திலும் உதிர்ந்துபோன வால் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அதை நாம் மறந்துவிடுகிறோம். மற்றொன்று பார்ப்போம். வீட்டில், மேசையில், நிலையத்தில் என்று நாம் ஒரே 'இல்' உருபை எங்கும் சேர்க்கிறோம்; ஆங்கிலமோ இன் தி ஹவுஸ், ஆன் தி டேபிள், அட் தி ஸ்டேஷன் என்று மூன்றாகப் பிரிக்கிறது; அதையும் பெயருக்கு முன்னே வைக்கிறது. ஆங்கிலம்தான் நுட்பமானது என்று இதைக் கொண்டு எவரும் எண்ண வேண்டாம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வீ' என்ற ஒரே சொல்தான் உண்டு! ஒரு நாளைக்கு இத்தகைய வேற்றுமை ஒன்றை அறிந்து, அதை வைத்துச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதினால் போதும்.

அடுத்தது சொல். ஒரு நாளைக்கு மூன்று புதிய சொற்கள் என்றால், இருநூறு பள்ளி நாட்களில் அறுநூறு. ஆறாம் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு முடியும்போது மூவாயிரம். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுதான். சொற்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மருந்து அட்டையில், ரயில் நிலைய அறிவிப்பில், சோப்பு உறையில் அவை காத்திருக்கின்றன. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்லும் எண்ணெய் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். 'இன்கரெக்ட்' என்றால் சரியல்லாதது. எனவே 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று ஒரு மாணவி எண்ணினால் அது இயல்பே. ஆனால் அதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதாகும். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லையும் எச்சரிக்கைப் பலகைகளில் எழுதத் தொடங்கினர். ஆலைகள் சூழ்ந்த ஊரில் ஒரு சொல்லின் பொருள் ஓர் உயிரின் விலை ஆகக்கூடும்.

படித்த சொல் மறந்துபோகிறதே என்று வருந்தலாம். ஜெர்மானிய உளநூல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நிகழ்கிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே மனத்தில் நிலைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. தேர்வுக்கு முந்தைய இரவில் ஐந்து மணி நேரம் விழிப்பதைவிட நாள்தோறும் ஐந்து நிமிடம் மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை புதிய சொல் வேண்டாம். அந்த வாரத்துப் பதினைந்து சொற்களையும் ஒருமுறை புரட்டினால் நன்று.

அயல்மொழியை வளர்ந்த பின் கற்பது அரிது என்பார்க்கு வீரமாமுனிவரின் வாழ்வே விடை. 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், இந்நாட்டுக்கு வந்த பின்னரே தமிழ் கற்றார். தேம்பாவணி பாடினார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதனினும் நமக்குப் பாடமாவது வேறொன்று. அந்நாளில் சொற்பொருள் கூறும் நிகண்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். அவரோ 1732இல் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகர வரிசையில் தேடி எடுக்கும் வழியைத் தமிழில் திறந்துவிட்டார். பேச்சுத் தமிழுக்கும் தனியாக இலத்தீனில் இலக்கணம் எழுதினார். பிற மொழியைக் கற்க வந்தவர் அகராதியும் இலக்கணமும் தாமே படைத்துக்கொண்டார் என்றால், மூன்று சொல்லை நோட்டில் குறிப்பது நமக்குப் பெரிய காரியமா?

மூன்றாவதாகிய நாட்குறிப்பே இவற்றில் தலையாயது. இலக்கணமும் சொல்லும் அங்கேதான் நம் சொந்தமாகின்றன. நாட்குறிப்பு எழுதுவது வெள்ளைக்காரர் வழக்கம் என்று எண்ணுவோர் ஆனந்தரங்கப் பிள்ளையை மறந்தவர்கள். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாகப் பணியாற்றியவர் அவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நாள், சரக்கின் விலை, ஊர் வதந்தி, போர்ச் செய்தி எல்லாம் அதில் உண்டு. அவர் இலக்கணச் சுத்தமான நடையைத் தேடவில்லை. பேச்சுத் தமிழிலேயே எழுதிச் சென்றார். அதையே சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. நடை மெருகில்லாதது என்பதால் எந்த வரலாற்று ஆசிரியரும் அதை ஒதுக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதியதே அதன் மதிப்பு.

நம் வயதினளான ஒரு பெண்ணும் நமக்கு வழிகாட்டுகிறாள். ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி 1929இல் ஜெர்மனியில் பிறந்தவள். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி அவள் குடும்பம் நெதர்லாந்தில் குடியேறியது. 1942 ஜூன் 12ஆம் நாள், பதின்மூன்றாம் பிறந்த நாளில் கிடைத்த நோட்டில் அவள் நாட்குறிப்பைத் தொடங்கினாள். பிறந்த நாட்டின் ஜெர்மன் மொழியில் அன்று, பள்ளியில் பயின்ற டச்சு மொழியில் எழுதினாள். நம் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை எழுப்பிய டச்சுக்காரரின் மொழிதான் அது. ஒளிந்து வாழ்ந்த நாட்களிலும், படித்த நூல்களில் தனக்குப் பிடித்த வாக்கியங்களை ஒரு தனி நோட்டில் எழுதி வைத்தாள். முகாமில் அடைபட்டு 1945இல் அவள் மறைந்தாள். 1947இல் அந்நாட்குறிப்பு நூலாகி இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. இரண்டாவதாகக் கற்ற மொழியிலும் மனத்தைத் திறந்து பேசலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டாம்.

இனி, இதை எதிர்த்துக் கூறப்படுவன சில. கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறது, கட்டுரையும் எழுதித் தருகிறது, பின் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். அது எழுதியது சரிதானா என்று பார்க்க நமக்கு மொழி தெரிந்திருக்க வேண்டாமா? மேலும் நேற்று நம் தெருவில் தண்ணீர் லாரி வராததையும், தங்கை முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டியதையும் அது அறியாது. நாம் சொன்னால்தான் உண்டு.

தவறாக எழுதிப் பழகினால் தவறே நிலைத்துவிடுமே என்பது மற்றொரு கேள்வி. இது நியாயமான கேள்விதான். இதற்கு இலக்கண நோட்டையும் நாட்குறிப்பையும் தனித்தனியே வைத்தல் வேண்டும். இலக்கண நோட்டில் ஆசிரியை ஒவ்வொரு பிழையையும் திருத்தட்டும். நாட்குறிப்பில் சிவப்பு மை வேண்டாம். மாணவியர் விரும்பிக் காட்டும் பக்கங்களில் பலருக்கும் பொதுவாகத் தெரியும் ஒரு பிழையை மட்டும், பெயர் சொல்லாமல், மறுநாள் கரும்பலகையில் எடுத்து விளக்கலாம். அதுவே அன்றைய இலக்கணப் பாடமும் ஆகிவிடும். மற்றப் பக்கங்களில் தேதி இருக்கிறதா, ஐந்து வரி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கண் நிற்கிறது என்று அஞ்சினால், மாணவி மீண்டும் கொடைக்கானலுக்கே படகு ஏறிவிடுவாள்.

பெற்றோரிடம் நாங்கள் பணிவுடன் கேட்பது இரண்டு. முதலாவது, அந்த இருபது நிமிடத்தை எங்களுக்குத் தாருங்கள். மாலையில் தண்ணீர் பிடிப்பதும், அரிசி களைவதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் கடமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் படிக்க உட்கார்ந்தால் தொலைக்காட்சியின் ஒலி குறைகிறது. பெண் உட்கார்ந்தால் "அந்தப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வா" என்ற குரல் வருகிறது. இருவருக்கும் ஒரே வினாத்தாள்தானே வருகிறது? இரண்டாவது, நாங்கள் கேட்காமல் நாட்குறிப்பைப் படிக்காதீர்கள். நம்பி விடப்பட்ட நோட்டில்தான் உண்மை எழுதப்படும். அதற்கு ஈடாக வாரம் ஒருமுறை ஒரு பக்கத்தை நாங்களே படித்துக் காட்டி, தமிழில் பொருளும் சொல்கிறோம். ஆங்கிலம் அறியாத அம்மாவும் அப்போது எங்கள் ஆசிரியை ஆகலாம். பொருள் சொல்லத் திணறும் இடமே எங்களுக்குப் புரியாத இடம் என்று அவர் கண்டுகொள்வார்.

எங்கள் அருட்சகோதரிகளிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. காலையில் முதல் வகுப்புக்கு முன் பத்து நிமிட அமைதியை நாட்குறிப்புக்கென ஒதுக்கித் தந்தால், வீட்டில் இடமோ நேரமோ கிடைக்காத மாணவியும் எழுதிவிடுவாள். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு வாழும் தோழிக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு தனி அறைக்குச் சமம்.

தோழியரே, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஐந்து வரி வீதம் இருநூறு நாள் எழுதினால் ஓராண்டில் ஆயிரம் வாக்கியங்கள். அந்த ஆயிரமும் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதவை. ஆங்கிலம் நமக்கு அணிந்து மினுக்கும் நகையும் அன்று, தமிழின் இடத்தில் வைக்கும் மாற்றும் அன்று. கையில் இருக்கவேண்டிய கருவி. கருவி துருப்பிடிக்காமல் இருக்க அதை நாள்தோறும் எடுத்துப் புழங்க வேண்டும். மீதமுள்ள நோட்டுத் தாள்களைத் தைத்து ஒரு குறிப்பேடு செய்துகொள்வோம். மேலே தேதி எழுதுவோம். இன்று கண்டதில் ஒன்றை, தெரிந்த சொல்லைக் கொண்டே, ஐந்து வரியில் எழுதுவோம். சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே எழுதி அடிக்கோடு இடுவோம். நாளை தேடிக் கற்கவேண்டிய சொல் அதுவே.