எழுதித் தருவதா, எழுதக் கற்றுத் தருவதா?

சம்பளம் வந்த மறுநாள் மாலை. தாராவிச் சந்து ஒன்றில் குடியிருக்கும் குமாஸ்தா வேலை முடிந்து வீடு திரும்பும்போது, வாசலில் இரண்டு மூன்று பேர் காத்திருப்பார்கள். ஒருவர் கையில் வங்கிப் படிவம். மற்றொருவர் கையில் ரேஷன் கார்டு விண்ணப்பம். மூன்றாமவர் தம் கைபேசியையே நீட்டி, "அண்ணாச்சி, ஊருக்குப் பணம் அனுப்பிருங்க. நம்பர்தான் உங்களுக்குத் தெரியுமே" என்பார். அந்த நம்பர், அவருடைய சேமிப்புக்கே சாவியான ரகசிய எண்!

குமாஸ்தா நல்ல மனிதர். பத்தே நிமிடத்தில் எல்லார் வேலையையும் முடித்துக் கொடுக்கிறார். ஒரு டீ கூட வாங்கிக் குடிப்பதில்லை. ஆனால் அடுத்த மாதமும் அதே மூவர் அதே வாசலில் நிற்கிறார்கள். அவர் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டால், கைபேசியும் ரகசிய எண்ணும் முன்பின் அறியாத ஒருவரிடம் போகின்றன. குமாஸ்தா செய்தது உதவிதான். ஆனால் அது பாதி உதவி.

இன்னொரு வகையினரும் உண்டு. லீவு விதி, பி.எஃப். கணக்கு, பதவி உயர்வுத் தேர்வு எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பக்கத்து மேசைக்காரர் கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். சொல்லிவிட்டால் தம் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம்! பணத்தைக் கொடுத்தால் கை காலியாகும். அறிவு அப்படியன்று. பிறருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதே விளங்குகிறது.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அந்நாளைய பம்பாய்க்கு வந்த தமிழ் இளைஞர்கள் பலர். மாதுங்காவில் 1932-ல் தென்னிந்தியர் கல்விச் சங்கம் ஒரு பள்ளியைத் தொடங்கியது. கற்றவர்கள் தம் பிழைப்போடு நின்றுவிடவில்லை என்பதற்கு அது சான்று.

எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி உழைத்ததன் பயன் அது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல் உடைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. தம் மாணவி தானே பஸ் பலகையைப் படித்து ஏறுவதைக் கண்ட நிறைவே அவர்களுக்குக் கூலி.

அந்த நிறைவு ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். முதல் வாரம் கையெழுத்து. அடுத்த வாரம் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது. பிறகு படிவம், பிறகு கைபேசியில் பணம் அனுப்புவது. ரகசிய எண்ணைக் கற்றுத் தருபவரிடம்கூடச் சொல்லக் கூடாது என்பதும் பாடத்தில் சேரவேண்டும்.

கற்றுக் கொடுப்பதில் சிரமம் உண்டு. பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகும். சொன்னதையே நாலு முறை சொல்ல வேண்டிவரும். பகல் முழுதும் தோல் பட்டறையில் உழைத்த கைக்குப் பேனா உடனே வசப்படாது. பொறுமை வேண்டும்.

பிறகு ஒரு மாதம் அந்த மூன்றாமவர் வெறுங்கையோடு வருவார். "அண்ணாச்சி, இந்த மாசம் நானே அனுப்பிட்டேன்" என்று சிரிப்பார். பத்து ஆண்டுகள் எழுதித் தந்தாலும் கிட்டாத மகிழ்ச்சி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தன்னிடம் கற்றவருக்கு இனித் தான் தேவையில்லை என்று காண்பதைவிடப் பெரிய பேறு கற்றவருக்கு வேறென்ன?